சுங்கை ரோடு முதல் துவாஸ் வரை

சிங்கப்பூருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தேக்காவில் சேலை, முஸ்தபாவில் வாசனைத் தைலம், பிள்ளைகளுக்குச் சாக்லெட் என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். இந்த முறை நான் கொண்டு வந்தது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்தான். அதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பழைய இரும்பைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். ஆமாம், இதற்காகத்தான் போனேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் ஜொகூரில் குளுவாங் பக்கம் இருக்கிறது. ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனையாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. லயத்துக்குப் பின்னால், ஆற்றோரமாக, அந்தக் காலத்துப் பால் ஸ்டோர் ஒன்று தகரக் கூரையோடு சும்மா கிடக்கிறது. அதைக் கோவில் கமிட்டியின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். கோவில் மண்டபத்துக் கூரையோ மழைக்காலத்தில் வடிகட்டி மாதிரி ஒழுகுகிறது. இந்த நேரத்தில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்தார். "ஸ்டோரையும் சுற்றியுள்ள இடத்தையும் எனக்குக் கொடுங்கள். மாதா மாதம் வாடகை தருகிறேன். உங்கள் பையன்கள் நாலு பேருக்கு வேலையும் போட்டுத் தருகிறேன்" என்றார்.

கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. கூரைக்குப் பணம் வேண்டாமா என்று ஒரு பக்கம். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் துருவும் எண்ணெயுமா என்று இன்னொரு பக்கம். கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்தார். நான்தான் செயலாளர். "சிங்கப்பூர்ல உங்க மாமா இந்தத் தொழில்லதானே இருந்தாரு? போய் நாலு விசயம் கேட்டுட்டு வாங்களேன்" என்றார். கிளம்பினேன்.

170ஆம் நம்பர் பஸ்

ஜொகூர் பாரு லார்கின் நிலையத்தில் 170ஆம் நம்பர் பஸ் ஏறினால் சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டில் கொண்டுபோய் விடும். இரண்டு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறி, உட்லண்ட்ஸ் தாண்டி கிராஞ்சி வழியாகப் போகும்போது வலப்பக்கம் ஒரு தொழிற்பேட்டை வரும். அதற்குச் சுங்கை காடுட் என்று பெயர். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒரு தடவையும் கவனித்ததில்லை. இந்தத் தடவை கவனித்தேன். மரத் தொழில், தட்டுமுட்டுச் சாமான் தொழில், பழைய இரும்பு என்று ஊருக்குள் வைத்துக்கொள்ள விரும்பாத பல வேலைகளுக்கும் சிங்கப்பூர் ஒதுக்கிக் கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று.

அந்த இடமும் நிரந்தரம் என்று சொல்ல முடியாது. சுங்கை காடுட் முழுவதையும் புதுவகைத் தொழில்களுக்கான வட்டாரமாக மாற்றும் திட்டத்தை ஜூரோங் நகராண்மைக் கழகம் 2020இல் அறிவித்தது. சிங்கப்பூரின் மொத்த நிலமே சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். நம் ஜொகூர் மாநிலம் மட்டும் 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒரு கெஜ நிலத்துக்குக்கூட நாலு பேர் கை நீட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பழைய இரும்புக்கு எங்கே இடம் கொடுத்தார்கள், எங்கிருந்து எங்கே தள்ளினார்கள் என்பதைப் பார்த்தால் நம் கேள்விக்கும் விடை கிடைக்கும் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நினைத்துக்கொண்டேன்.

சுங்கை ரோட்டில் மாமா

குவீன் ஸ்திரீட்டில் மாமா காத்திருந்தார். எண்பதை நெருங்குகிற வயது. கையில் குடை, காலில் ரப்பர் செருப்பு. "வாங்க மாப்பிள்ளை, முதல்ல என் பழைய ஆபீசைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று ரொச்சோர் கால்வாயைக் கடந்து அழைத்துப் போனார். மாமாவின் ஆபீஸ் என்பது சுங்கை ரோட்டில் ஒரு நடைபாதை. அங்கே ஒரு கித்தானை விரித்து, பழைய ஸ்பானர், தண்ணீர்க் குழாய், பூட்டு, செம்புக் கம்பி, விசிறி மோட்டார் எல்லாம் பரப்பி வைத்துப் பல வருடம் வியாபாரம் செய்தவர் அவர்.

சுங்கை ரோட்டுச் சந்தை 1930களில் தொடங்கியது. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவச் சாமான்கள் அங்கே மலிந்து கிடந்தன. திருட்டுச் சாமானும் வந்ததால் 'திருட்டுச் சந்தை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். "திருடனும் வந்தான், இல்லேன்னு சொல்லலே. ஆனா நான் வித்தது எல்லாம் மத்தவங்க வேண்டாம்னு போட்டது" என்பார்.

நான் முதன்முதலில் அங்கே வந்தது 1983இல். எங்கள் தோட்டத்துச் சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு பழைய பல்சக்கரம் வேண்டும் என்று வந்தேன். தெருவின் இரு பக்கமும் கால் வைக்க இடமில்லாமல் சாமான். ஒரு பக்கம் கிராமபோன் பெட்டி, ஒரு பக்கம் ராணுவச் சப்பாத்து, நடுவில் கரி எண்ணெய் வழிய மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கிற கிழவர். பக்கத்துச் சந்துகளில் இரும்புக் கடைகள். பக்கத்தில் கால்வாய். அது அன்று எந்த நிறத்தில் ஓடியது என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடாது.

அந்தச் சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அருகிலேயே ஜாலான் புசார் ரயில் நிலையம் திறந்தது. மாமா தன் கித்தான் இருந்த இடத்தைக் குடைக் கம்பியால் தொட்டுக் காட்டினார். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்தது.

"வருத்தம் இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"வருத்தம் இருக்கு. ஆனா இந்தத் தண்ணியைப் பாருங்க" என்று கால்வாயைக் காட்டினார். தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு கதை உண்டு. 1977இல் சிங்கப்பூர் அரசாங்கம் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் பகுதியையும் பத்தாண்டில் சுத்தம் செய்ய முடிவெடுத்தது. ஆற்றோரப் பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், படகுப் பட்டறைகள், கொல்லைப்புறத் தொழில்கள் எல்லாவற்றையும் அகற்றினார்கள். 1987இல் வேலை முடிந்தது. அதோடும் விடவில்லை. 2008இல் ஆற்று வாயில் மரினா அணையைக் கட்டினார்கள். ரொச்சோர் கால்வாயும் காலாங் ஆறும் போய்ச் சேருகிற அந்த இடம் இன்று குடிநீர்த் தேக்கம். முன்பு மோட்டார் எண்ணெய் கலந்த தண்ணீர்தான் சுத்திகரிக்கப்பட்டு இன்று வீட்டுக் குழாயில் வருகிறது என்றால், அந்தக் கரையில் இரும்புக் கிடங்கை வைத்துக்கொள்ள முடியுமா? எங்கள் ஸ்டோருக்குப் பின்னால் ஓடுகிற ஆறு அப்போதே என் மனத்தில் வந்து நின்றது.

சுண்ணாம்புக் கம்பம்

அங்கிருந்து சிராங்கூன் சாலைக்கு நடந்தோம். லிட்டில் இந்தியா என்று இன்று பெயர்ப்பலகை சொல்கிறது. பழைய தமிழர்கள் இந்தப் பக்கத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொல்வார்கள். செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். வீரமாகாளியம்மன் கோவிலுக்கே ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில் என்று பெயர் இருந்தது. நகரம் பக்கத்தில் நெருங்கி வந்ததும் 1860இல் சூளைகள் நின்றன.

பிறகு வந்தது மாட்டு வியாபாரம். ரொச்சோர் ஆற்றின் தண்ணீரும் புல்லும் மாடுகளுக்கு வசதியாக இருந்தன. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு என்று எருமையும் மாடும் இன்றும் தெருப்பெயரில் நிற்கின்றன. நகராண்மையின் சுகாதாரக் கெடுபிடியால் 1930களில் அந்தத் தொழிலும் போய்விட்டது. கெர்பாவ் ரோட்டில் பல வண்ணத்தில் பளபளக்கிற ஒரு பழைய மாளிகை இருக்கிறது. டான் டெங் நியா என்ற மிட்டாய் வியாபாரி 1900இல் கட்டியது. வெளியூர்க்காரர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பின்புறம் ஒரு காலத்தில் ரப்பர் புகைபோடும் கூடம் இருந்தது என்று சொல்வார்கள். புகைக்கூடத்தின் வாசனை எப்படி இருக்கும் என்று நம் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை!

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. சுண்ணாம்பு, மாடு, ரப்பர், கடைசியில் பழைய இரும்பு. ஒவ்வொரு தொழிலும் தண்ணீரையும் ஆள் நடமாட்டத்தையும் தேடி இங்கே வந்தது. ஊர் வளர்ந்ததும் ஒவ்வொன்றும் வெளியே போனது. தொழில் கெட்டது என்பதால் போகவில்லை. அந்த இடத்தில் மனிதர்கள் நெருங்கிவிட்டதால் போனது.

கோணிக்காரர்களின் கணக்கு

மாமா வீடு அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. மறுநாள் காலை கீழே ஒரு ஊதல் சத்தம். எட்டிப் பார்த்தேன். தள்ளுவண்டியோடு ஒருவர் நின்று மாடிகளை அண்ணாந்து பார்த்து ஊதிக்கொண்டிருந்தார். "காராங் கூனி வந்துட்டாரு" என்றார் அத்தை. காராங் என்றாலும் சாக்கு. கூனி என்றாலும் சாக்கு. அந்தக் கூனி நம் கோணிக்கு உறவுச் சொல்தான். முன்பு கோணியை முதுகில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பழைய பேப்பர், துணி, தகரம் வாங்கியதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊரில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு 'சூராட் காபார் லாமா' என்று பாட்டுப் போடுகிற லோரிக்கு அவர்தான் பாட்டன்.

அத்தை பழைய மின்விசிறி ஒன்றைக் கொடுத்தார். அவர் தூக்கிப் பார்த்தார், ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தார், விலை சொன்னார். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் செம்போ, பித்தளையோ, அலுமினியமோ. அதற்கு விலை அதிகம். பள்ளிக்கூடம் போகாத விஞ்ஞானம் இது.

மாமா விளக்கினார்: "மாப்பிள்ளை, பழைய சாமான்ல லாபம் எங்கே இருக்குன்னா, சேர்க்கிறதுல இருக்கு. ஒரு விசிறிக்கு யாரும் லோரி அனுப்ப மாட்டான். நூறு விசிறி ஒரு இடத்துல சேர்ந்தா லோரி தானா வரும். அதனால சேர்க்கிற இடம் வீட்டுக்குக் கிட்டே இருக்கணும். எட்டப் போச்சுன்னா ஜனங்க குப்பையில போட்டுடுவாங்க."

அவர் சொன்னதைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கும் காட்டுகிறது. 2023இல் சிங்கப்பூரில் கழிவாக வந்த இரும்பில் நூற்றுக்கு 99 பங்கு மறுபடி பயன்படப் போயிருக்கிறது. பெரும்பகுதி கட்டடம் இடிப்பதிலும் தொழிற்சாலைகளிலும் மொத்தமாகக் கிடைப்பது. ஆனால் வீடுகளில் சேரும் எல்லாவகைக் கழிவையும் சேர்த்துப் பார்த்தால் மறுபயனுக்குப் போனது நூற்றுக்கு 12தான். மொத்தமாகக் கிடப்பதை எடுக்க ஆள் வருவான். சிதறிக் கிடப்பதைச் சேர்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும், இடம் வேண்டும்.

உருக்காலை போன இடம்

அன்று மத்தியானம் மாமாவின் மூத்த மகனோடு ஜூரோங் பக்கம் போனேன். சிங்கப்பூரின் உருக்காலை அங்கேதான் இருக்கிறது. தேசிய இரும்பு உருக்காலை என்ற பெயரில் 1961இல் கம்பெனி அமைத்தார்கள். 1962இல் நிதியமைச்சர் கோ கெங் சுவீ அடிக்கல் நாட்டினார். அப்போது ஜூரோங் வெறும் சதுப்பும் காடும். 'கோவின் பைத்தியக்காரத்தனம்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. 1963இல் உற்பத்தி தொடங்கியது. பின்னாளில் நேட்ஸ்டீல் என்று பெயர் மாறியது. 2005 முதல் 2021 வரை இந்தியாவின் டாட்டா ஸ்டீல் கையில் இருந்தது என்பது நம்மவர்களுக்குச் சுவையான செய்தி.

சிங்கப்பூரில் இரும்புச் சுரங்கம் கிடையாது. உடைத்த கப்பலும் ஊர்ப் பழைய இரும்பும்தான் அவர்களுடைய சுரங்கம். அந்தப் பழைய இரும்பை மின்சார உலையில் போட்டு, சுமார் 1,600 டிகிரி சூட்டில் உருக்கிக் கம்பியாக இழுத்தார்கள். 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை வேகமாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கம்பிக்குப் பஞ்சமில்லாத தேவை. யாரோ போட்ட துருப்பிடித்த கட்டில் கால், இன்னொருவர் வீட்டுத் தூணுக்குள் கம்பியாக நிற்கிறது என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஒரு டன் பழைய இரும்பை இப்படி உருக்கினால் 1,400 கிலோ இரும்புத் தாதுவும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சம். அலுமினியமாக இருந்தால், புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் நூற்றுக்கு 95 பங்கு மிச்சம்.

உலையை ஏன் ஜூரோங்கில் வைத்தார்கள்? அது ஊரை விட்டுத் தள்ளியிருந்தது. பெரிய மின்சாரத்துக்கு வசதி செய்யலாம். பக்கத்திலேயே கடல், 1965இல் துறைமுகமும் வந்தது. பளுவான சாமானைத் தெருவில் இழுப்பதைவிடக் கப்பலில் ஏற்றுவது மலிவு. இந்த மூன்று காரணமும் இன்றைக்கும் மாறவில்லை.

துவாஸில் ஒரு யார்டு

துவாஸ் சிங்கப்பூரின் மேற்குக் கோடி. மாமா மகன் அங்கே ஒரு பழைய இரும்பு யார்டில் கிரேன் ஓட்டுகிறார். முதலாளியிடம் சொல்லி, தலைக்கு ஒரு தொப்பியும் காலுக்கு ஒரு சப்பாத்தும் மாட்டி என்னை உள்ளே விட்டார்கள்.

நான் நினைத்துப் போனது நம் ஊர்க் காட்சி: சேற்றில் இரும்பு, நடுவில் நாய். அங்கே பார்த்தது வேறு. தரை முழுக்கக் கனமான சிமெண்டு. ஓரத்தில் வாய்க்கால், அது போய் ஒரு தொட்டியில் விழுகிறது. அந்தத் தொட்டியில் எண்ணெய் மேலே மிதந்து நின்றுவிடும். தண்ணீர் மட்டும் தனியே வெளியேறும். மழை பெய்தாலும் எண்ணெய் சாக்கடைக்குப் போகாது. வாசலில் லோரியோடு எடை போடுகிற மேடை. அதற்குப் பக்கத்தில் இரண்டு தூண்கள்.

"இது எதுக்குத் தம்பி?" என்றேன்.

"கதிரியக்கம் இருக்கான்னு பார்க்கிறதுக்கு. ஆஸ்பத்திரி மெஷின், பாக்டரி மெஷின் ஏதாச்சும் தெரியாம கலந்து வந்துட்டா மணி அடிக்கும்" என்றார்.

எனக்கு டில்லி மாயாபுரி நினைவுக்கு வந்தது. பெரிய பழைய இரும்புச் சந்தை அது, சுற்றிலும் ஜனங்கள். 2010இல் டில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட ஒரு பழைய ஆய்வுக்கூட இயந்திரம் அங்கே வந்தது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. பிரித்தவர்களில் ஒருவர் இறந்துபோனார். மேலும் சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இரும்பு விஷமில்லை, இரும்போடு சேர்ந்து வருவதுதான் விஷம். காடி பேட்டரியில் அமிலமும் ஈயமும் இருக்கின்றன. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். செம்புக்காகக் கேபிளைக் கொளுத்தினால் வருகிற கரும்புகை நெஞ்சைப் பிடிக்கும். சிறு வயதில் நானும் என் தம்பியும் செம்பனைக் காட்டு ஓரத்தில் கேபிள் கொளுத்தியிருக்கிறோம். கிடைத்த காசுக்கு ஐஸ் வாங்கித் தின்றோம். அன்று இரவெல்லாம் தம்பி இருமியதை அம்மா பனி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். உண்மையை நாங்கள் சொல்லவேயில்லை.

யார்டில் பெரிய காந்தக் கிரேன் ஒன்று தூக்கிப் போட, இன்னொரு இயந்திரம் தகரத்தையெல்லாம் பெட்டி பெட்டியாக அழுத்திக் கட்டியது. அந்தச் சத்தத்தில் பேசினால் காதில் விழாது. வீட்டுப் பக்கத்தில் இதை வைத்தால் கைக்குழந்தை எப்படித் தூங்கும்? அங்கிருந்து பெட்டிகள் கப்பலேறி வெளிநாட்டு உலைகளுக்குப் போகின்றன.

காந்தம் தேடும் மிச்சம்

யாரும் விற்காமல் குப்பையில் போட்ட இரும்பையும் சிங்கப்பூர் விடுவதில்லை. எரிக்கத்தக்க குப்பையை ஆலைகளில் எரிக்கிறார்கள், மின்சாரம் கிடைக்கிறது, பத்துப் பங்கு குப்பை ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்தச் சாம்பலில் கிடக்கும் ஆணியையும் டின்னையும் காந்தம் பொறுக்கிவிடும். காந்தத்தில் ஒட்டாத அலுமினியம், செம்பு ஆகியவற்றையும் சாம்பலிலிருந்து பிரிக்க 2015இல் துவாஸில் தனி ஆலை திறந்தார்கள்.

மிச்சச் சாம்பல் படகேறி, தெற்கே கடலில் 350 ஹெக்டேரில் அமைத்த செமாக்காவ் குப்பைத்தீவுக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த ஒன்றுதான் அவர்களிடம் இருக்கிறது. 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். அதற்குப் பிறகு கொட்ட இடமில்லை என்ற பயம்தான் அந்த ஊரை இவ்வளவு சிக்கனமாக்கியிருக்கிறது.

தங்கமும் தூசியும்

திரும்பும் நாளில் அத்தைக்கு ஒரு மோதிரம் மாற்ற வேண்டியிருந்தது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் பழையதை நிறுத்து, கழிவு பார்த்து, புதியதற்குக் கணக்குப் போட்டார்கள். மாமா என் காதில் சொன்னார்: "இதுவும் பழைய இரும்பு வியாபாரம்தான் மாப்பிள்ளை. ஏசி போட்டிருக்கு, அவ்வளவுதான்!"

உண்மைதானே? தங்கத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. தட்டான் பட்டறைத் தூசியைக்கூடக் கூட்டி அலசி எடுப்பார்கள். ஆனால் பழைய கைப்பேசியில் இருக்கும் தங்கத்தை நாம் மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுகிறோம். தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானிய மக்கள் சுமார் 79,000 டன் பழைய மின்னணுச் சாமான் கொடுத்தார்கள். அதில் சுமார் 62 லட்சம் கைப்பேசிகள். அவற்றிலிருந்து 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. 2021 ஜூலை 1 முதல், அவற்றை விற்கிற கம்பெனிகளே திரும்பச் சேர்ப்பதற்கும் பொறுப்பு என்று சட்டம் வந்தது. சேர்க்கும் பெட்டிகளைக் கடைத்தொகுதிகளில், ஜனங்கள் போகிற வழியில் வைத்தார்கள். பிரிக்கிற ஆலை தொழிற்பேட்டையில். பார்த்தீர்களா, மறுபடியும் மாமாவின் கணக்குத்தான்!

தோட்டம் திரும்பினேன்

பஸ் ஏறும்போது மாமாவிடம் நேராகவே கேட்டேன்: "எங்க ஸ்டோரைக் கொடுக்கலாமா, வேண்டாமா?"

"சேர்க்கிறது கிட்டே இருக்கட்டும். உடைக்கிறது எட்ட இருக்கட்டும். ஆத்தோரம் மட்டும் வேண்டவே வேண்டாம்" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. அந்த வியாபாரியைத் திருடன் மாதிரிப் பேசாதீங்க. அவன் செய்யுறது நல்ல வேலை. கேக்குற இடம்தான் தப்பு" என்றார்.

கமிட்டிக் கூட்டத்தில் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். நம் நாட்டிலேயே நடந்ததையும் நினைவூட்டினேன். 2018இல் சிலாங்கூர் ஜெஞ்ஜாரோம் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உரிமமில்லாத பிளாஸ்டிக் ஆலைகள் முளைத்து, ஊரே புகையில் திணறியது. 2019 மார்ச்சில் நம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். 111 பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஆளில்லாத தோட்டத்து மூலை, பழைய கொட்டகை, பக்கத்தில் ஆறு. தப்பான ஆள் தேடுவது இப்படிப்பட்ட இடத்தைத்தான். வருகிற எல்லாருமே தப்பான ஆள் இல்லை. ஆனால் வந்தவர் யார் என்பது கொடுத்த பிறகுதான் தெரியும்.

சட்டத்தையும் சொன்னேன். தோட்டத்து நிலம் விவசாயத்துக்கென்று பதிவான நிலம். அதில் தொழில் நடத்த வேண்டுமானால் நிலத்தின் வகையை மாற்ற வேண்டும். ஊராட்சி மன்ற உரிமமும் வேண்டும். பழைய பேட்டரியும் மின்னணுக் கழிவும் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிட்ட கழிவுகள். சுற்றுச்சூழல் துறை அனுமதி இல்லாமல் தொழிலாக எடுத்துப் பிரிக்கக்கூடாது. வாடகைக்கு வருகிறவரிடம் இந்த மூன்று காகிதத்தையும் கேளுங்கள். காகிதம் இருப்பவர் பெரும்பாலும் தொழிற்பேட்டையிலேயே இடம் வைத்திருப்பார்.

"அப்போ கூரைக்குப் பணம்?" என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி.

மறு வாரம் அந்த வியாபாரியை நானே போய்ப் பார்த்தேன். ஸ்டோர் கிடையாது என்றேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய ரோட்டு முச்சந்தியில் லோரியை நிறுத்துங்கள், தோட்டத்து வீடுகளில் இருக்கும் பழைய இரும்பு, டின், அலுமினியம் எல்லாம் அங்கே வந்து சேரும், தராசு எங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்றேன். கேபிள் கொளுத்தக் கூடாது, பேட்டரியை உடைக்கக் கூடாது. அவற்றை உரிமம் உள்ள இடத்துக்கு முழுதாக எடுத்துப் போக வேண்டும் என்றும் சொன்னேன். அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். சரி என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் சேர்ந்தது. பால் வாளிகள், ஓட்டைக் குடங்கள், உடைந்த சைக்கிள்கள், லயத்துக்குப் பின்னால் புல்லுக்குள் மறைந்து கிடந்த பழைய ரப்பர் ஷீட் மெஷினின் உருளை ஒன்று. அதை நாலு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். வயதான பாட்டி ஒருவர் அந்த உருளையைக் கையால் தடவிப் பார்த்தார். அதில் வேலை செய்தவராம். "போய் நல்ல கம்பியா வா" என்று சொல்லி லோரியில் ஏற்றச் சொன்னார்.

வந்த பணத்தில் கோவில் கூரைக்கு நாலு தகரம் வாங்கினோம். ஸ்டோர் வாடகையாக இருந்தால் பத்துத் தகரம் வாங்கியிருக்கலாம் என்று ஒருவர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் மழை பெய்யும்போது கோவிலில் நின்று பார்த்தால் பின்பக்கம் ஆறு தெரிகிறது. பிள்ளைகள் அதில் குதித்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். கூரை இன்னும் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் லோரி வரும்.